மூன்று வாளி வந்த கதை
(எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியது. ஒலிபெருக்கி நடுவில் இரண்டு முறை நின்றதால் பின்வரிசைக்குக் கேட்காத பகுதியையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, வெயிலையும் பாராமல் வந்து வரவேற்புரை ஆற்றிய தலைமை ஆசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அவருக்கும் முன்னால் தலைவராக இருந்தவர் அவர்களே (இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே இந்த விழாவின் முதல் வெற்றி), பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, பந்தலைக் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்த பந்தல்காரர் அவர்களே, காலையில் பொங்கலும் மதியம் சோறும் ஆக்கிப் போடும் சமையல் அம்மாக்களே, நான் எப்போது முடிப்பேன், நாடகத்துக்கு எப்போது மேடை ஏறலாம் என்று முகத்தில் அரிதாரத்தோடு காத்திருக்கும் என் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்த ஊர்க் கிளை அஞ்சலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இது ஐந்தாவது பொன்னாடை. ஒன்றையும் நான் உடுத்தியதில்லை. இதை இங்கேயே நாடகத்தில் ராஜாவாக நடிக்கிற பையனுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவன் தோளில் இருப்பது ஜன்னல் திரை என்று எனக்குத் தெரிகிறது.

மூன்று விஷயம் பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒன்று, பள்ளிச் செய்திப் பலகை. இரண்டு, மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஆள் வராதது. மூன்று, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் தேங்கும் கழிவுநீர். இந்த மூன்றுக்கும் சேர்த்து நம் பெரியவர்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவைத்திருக்கிறார்கள்: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

செய்திப் பலகை என்றவுடன் சிலர் சிரிக்கிறீர்கள். "கையில் செல்போன் இருக்கிற காலத்தில் சுவரில் சாக்பீஸால் எழுதி யார் படிப்பார்கள்?" என்று என் மருமகளே கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

1968ஆம் ஆண்டு. நான் இதே பள்ளியில் நான்காம் வகுப்பு. அப்போது இருந்த பெரிய வாத்தியார், சாலையைப் பார்த்த மதிற்சுவரில் ஆறடிக்கு நான்கடி இடத்தைச் சிமெண்டால் மெழுகச் செய்தார். எங்களைக் கோவை இலையும் ஊமத்தை இலையும் பறித்து வரச் சொன்னார். அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்து, தேங்காய் நாரால் சுவரில் தேய்த்தோம். காய்ந்ததும் யானை முதுகு மாதிரிக் கறுத்துக் கிடந்தது பலகை. மூன்று நாளைக்குக் கையை முகர்ந்தால் சோறு இறங்கவில்லை. ஊமத்தை விஷச் செடி. இதைக் கேட்டுவிட்டு இப்போது யாரும் பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள், தாய்மார்கள் என்னை அடிக்க வருவார்கள்.

அந்தப் பலகையில் தினமும் காலையில் ஒரு மாணவன் மூன்று செய்தி எழுத வேண்டும். முதல் செய்தி எப்போதும் ஒன்றுதான்: இன்று வந்தவர் இத்தனை, வராதவர் இத்தனை. பையனை மாடு மேய்க்க அனுப்பிவிட்ட அப்பா அந்த வழியாகப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார். பெயர் எழுதவில்லை, திட்டவில்லை. எண் மட்டும்தான். அது போதுமாக இருந்தது.

ஒருநாள் பள்ளிக் கிணற்று வாளி காணாமல் போய்விட்டது. கயிறு மட்டும் ராட்டினத்தில் தொங்குகிறது. அன்றைக்குப் பலகை முறை என் வகுப்புத் தோழனுடையது. அவர் இப்போது முன்வரிசையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். அவர் எழுதினார்: "பள்ளிக் கிணற்று வாளியைக் கானவில்லை. எடுத்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியும்."

மூன்று சுழி 'ண' போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி 'ன'. எதிர்க் கடை டீ மாஸ்டர் கையில் பால் சொம்போடு சாலையைத் தாண்டி வந்து, "டேய், காணவில்லைக்கு எந்த 'ன' டா?" என்று சத்தம் போட்டார். அவர் போட்ட சத்தத்தில், படிக்கத் தெரியாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிய வாத்தியார் ஓடி வந்தார். "யாருடா எடுத்தது? உனக்குத் தெரியுமா?" என்று காதைப் பிடித்தார். "தெரியாது சார். தெரியும் என்று எழுதினால் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன் சார்" என்றான். வாத்தியார் அழிப்பதற்குத் துணியைத் தூக்கினார். கொஞ்ச நேரம் யோசித்தார். எழுத்துப் பிழையை மட்டும் திருத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிந்தது. கிணற்றடியில் மூன்று வாளி!

(இங்கே கைதட்டல் அடங்க நேரமானது.)

ஒன்று நம் பள்ளி வாளி. இன்னொன்று பித்தளை வாளி, விளிம்பில் கோயில் பெயர் வெட்டியிருந்தது. அது தொலைந்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் பூசாரி ஒரு வீட்டுக்காரர் மேல் சந்தேகப்பட்டு, அவருக்குச் சுண்டல்கூடக் குறைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அந்த வீட்டுக்கே போய்ப் பிரசாதம் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவது வாளி புத்தம் புதியது. அது யாருடையது என்று இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை. அன்றைய பலகைச் செய்தி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "வாளி கிடைத்தது. மூன்று. நன்றி."

இப்போது அதே சுவரில் சிமெண்ட் விளம்பரம் எழுதியிருக்கிறது. அதற்கு முன்பு உரம், அதற்கு முன்பு தேர்தல். நம் பள்ளிச் சுவரில் நம் பள்ளியைத் தவிர மற்ற எல்லாச் செய்தியும் வந்துவிட்டது.

தலைமை ஆசிரியரிடம் போன மாதமே கேட்டேன். "பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு ஐயா?" என்றார். நல்ல மனிதர், அடக்கமானவர், அதனால் அப்படிச் சொன்னார். ஆனால், அம்மா அவர்களே, பூக்கடை இருக்கிற தெருவுக்கு ஆள் வந்தால்தானே மணம் தெரியும்? நம் தெருவுக்குக் காலை ஏழரை மணிக்கு மூன்று மஞ்சள் வேன் வருகிறது. நம் பள்ளி வாசலிலேயே நிறுத்தி, நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. நான் படித்தபோது நூற்றுக்கு மேல் பிள்ளைகள். இன்றைக்கு 38. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டக் கணக்கு என்ன? 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. அதாவது இன்னும் 23 பிள்ளை. இந்தப் பந்தலுக்குள்ளேயே அந்த 23 பிள்ளையின் அப்பா அம்மா உட்கார்ந்திருக்கிறீர்கள், நாடகம் பார்க்க வந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பதினாறாம் வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கிறாள் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? வேனின் முதுகில் எழுதியிருப்பதைத்தான் தினமும் படிக்கிறீர்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நம் பள்ளி அழவே இல்லை.

கேட்டுப் பெற்றதுதான் எல்லாம். காமராசர் முதல்வராக இருந்தபோது, கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். இந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு வைத்தார்கள். நாற்காலி ஒருவர், கடிகாரம் ஒருவர், கட்டடத்துக்கு நிலம் ஒருவர் என்று மக்கள் கொடுத்தார்கள். இன்று பல ஊர்களில் மேளதாளத்தோடு தாம்பாளம் தூக்கி வருகிற கல்விச் சீர் அதன் பேரப்பிள்ளை.

சோறும் அப்படித்தான். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் தொடங்கினார். 1956இல் காமராசர். 1982 ஜூலை 1 அன்று நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தார். முட்டையைச் சேர்த்தவர் கலைஞர். 2022 செப்டம்பரில் இன்றைய காலை உணவு. எல்லாக் கட்சிக்காரர்களும் முன்னால் இருப்பதால் வரிசையாகச் சொல்லிவிட்டேன். யாரையாவது விட்டிருந்தால் கீழே இறங்கியதும் திட்டுங்கள். நான் சொல்ல வந்தது, பசித்த பிள்ளையின் அழுகை யார் காதிலோ ஒருமுறை விழுந்திருக்கிறது.

மேலாண்மைக் குழுவைப் பற்றி... நேரம் ஆகிவிட்டது என்று துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. ஒன்று மட்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். போன கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் நான். நான் உறுப்பினரே இல்லை. பலகை வரட்டும், கூட்டத்துக்கு வந்தவர் இத்தனை, வராதவர் இத்தனை என்று பிள்ளைகளே எழுதுவார்கள். கழிவுநீரையும் அவர்களே எழுதட்டும், நான் பேசுவதைவிடச் சுருக்கமாக எழுதுவார்கள்.

கல்வித் துறை பிள்ளைகளுக்காக 'ஊஞ்சல்' என்று அழகான இதழ் கொண்டுவருகிறது. அது சென்னையிலிருந்து நம் ஊருக்கு வருகிற செய்தி. நான் கேட்பது நம் ஊர்ப் பிள்ளையிடமிருந்து சாலைக்குப் போகிற செய்தி. வேப்ப மரத்தில் மைனா குஞ்சு பொரித்தது. இரண்டாம் வகுப்பில் இன்று ஒருவனுக்கு முன்பல் விழுந்தது. பொங்கலில் மிளகு அதிகம். சமையல் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது, அதுவும் செய்திதான்.

நான் கேட்டுவிட்டுச் சும்மா போகிற ஆள் இல்லை. கறுப்பு பெயிண்ட் இரண்டு லிட்டர் வாங்கிவிட்டேன், மேடைக்குக் கீழே இருக்கிறது. சாக்பீஸ் ஒரு வருடத்துக்கு என் ஓய்வூதியத்தில். விளம்பரத்தைச் சுரண்டுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்வரிசைத் தாத்தாவும் நானும் வருகிறோம். மழைநீர் வழியாமல் மேலே ஒரு தகரம் அடிக்க வேண்டும். அதற்கு ஏணி வேண்டும். பள்ளிக்கு ஒரு மூங்கில் ஏணி இருந்தது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க யாரோ எடுத்துப் போனார்கள், திரும்பி வரவில்லை.

எடுத்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். வணக்கம்.