மாலை போட்ட மூன்றாம் நாள்

(காட்சி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. விடியற்காலை. தூரத்தில் சரண கோஷம்.)

குரல்: கார்த்திகை ஒன்றாம் தேதி. கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் நம் தமிழ் ஊர்களில் மாலை போடுகிறவர்களில் சிலர் நேற்று ராத்திரி வரை குடித்தவர்கள். 41 நாள் தொடமாட்டேன் என்று மனதாரத்தான் போடுகிறார்கள். வீட்டுக்காரம்மாவும் அன்றைக்குத்தான் நிம்மதியாக உலை வைக்கிறார். அந்த நிம்மதி நிலைக்க வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறோம்.

(காட்சி: ஒரு மூட்டையை இருவர் எதிரெதிரே தள்ளும் படம்.)

மது மூளையை அழுத்தி மந்தமாக்கும். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தால், மூளையும் எதிர்த்துத் தள்ளப் பழகிவிடும். மூட்டையின் ஒரு பக்கத்தில் நிற்பவர் சட்டென்று விலகினால் மற்றவர் குப்புற விழுவார் இல்லையா? தினக்குடியைத் திடீரென்று நிறுத்தினால் மூளைக்கு நடப்பதும் அதுதான்.

கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், செத்துப்போன அப்பா வாசலில் நிற்கிறார் என்பார்.

"ஏனுங்க, யாருகிட்டப் பேசறீங்க?"

(காட்சி: வாசலில் கூடும் அக்கம்பக்கத்தார்.)

இங்கேதான் வயிறு எரிகிறது. விரதத்தில் தீட்டு பட்டுவிட்டது, காற்று கருப்பு அடித்துவிட்டது என்று பழி வீட்டுக்காரம்மா மேல் விழுகிறது. மந்திரிக்கக் கூட்டிப் போவதற்குள் உயிரே போய்விடலாம். இது தீட்டும் இல்லை, பேயும் இல்லை. இது ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய அவசர நோய்.

ஆஸ்பத்திரியில் "குடிப்பாரா?" என்று கேட்டால் மறைக்காதீர்கள். நாள்பட்டுக் குடித்த உடம்பில் தையமின் என்ற பி1 சத்து வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை இன்னும் பாதிக்கப்படலாம். சாமி மாலையோடு இருப்பவரைக் குடிகாரர் என்று சொல்லக் கூசும். சொல்லிவிடுங்கள்.

2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது கேரளம் முழுக்க இந்த நோய் வெளியே வந்தது. டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவிட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றமும் நிறுத்திவைத்தது. டாக்டர்கள் சொன்னதே சரி. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார். மருந்துக்கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாருக்கு இந்த ஆபத்து? ஆங்கில மாதம் ஒன்றாம் தேதி கேரளத்தில் மதுக்கடை திறக்காது. அன்றைக்குக் காலையில் கை நடுங்குகிறதா, தமிழ்நாட்டு எல்லையில் கோபாலபுரம் தாண்டி டாஸ்மாக்குக்கு ஓடுகிறாரா என்று பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கடை இருப்பதால்தான் நம் ஊர்களில் இந்த நோய் கண்ணில் படாமலே இருக்கிறது.

அப்படிப்பட்டவர் மாலை போடட்டும், தாராளமாக. ஆனால் ஐப்பசியிலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். குடியை விட உதவும் கேரள அரசின் விமுக்தி திட்டத்தின் உதவி எண் 14405. மனநல உதவிக்கு 14416, தமிழிலேயே பேசலாம்.

(காட்சி: ஆஸ்பத்திரி. டாக்டர் சீட்டு எழுதுகிறார்.)

"கடைசியா எப்பக் குடிச்சாரு?"

"முந்தாநாள் ராத்திரி, எட்டு மணிக்குங்க."