பொட்டாசியம் ஏற்றியும் ஏறவில்லை என்றால்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

குடி என்றாலே கல்லீரலைத்தான் பேசுகிறோம். நான் இன்று மெக்னீசியம் என்ற தாது உப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வார்டில் அடிக்கடி பார்ப்பது இது. பல வருடக் குடி. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, வாந்தி. கை நடுங்குகிறது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்கு மேல் இருக்க வேண்டும், இவருக்கு 2.6. சலைனில் கலந்து ஏற்றுகிறோம். மறுநாள் பார்த்தால் 2.7! ஏற்றியதெல்லாம் சிறுநீரில் போய்விட்டது. சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் வாசலை அளவாகச் சாத்தி வைப்பது மெக்னீசியம். அது குறைந்துவிட்டால் வாசல் திறந்தே கிடக்கும். முதலில் மெக்னீசியத்தைச் சரிசெய்தால்தான் பொட்டாசியம் உடம்பில் நிற்கும். மெக்னீசியம் குறைந்தால் கால்சியமும் சேர்ந்து இறங்கும்.

மெக்னீசியம் ஏன் குறைகிறது? மது உள்ளே போனதும் சிறுநீரகம் மெக்னீசியத்தைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விடுகிறது. வயிற்றுப்போக்கில் இன்னும் கொஞ்சம் போகும். ஈடுகட்ட வேண்டிய கீரை, கேழ்வரகு, பயறு எதுவும் தட்டில் இல்லை, ஊறுகாயும் மிக்சரும்தான். துத்தநாகமும் இப்படியே சிறுநீரில் போகிறது. நாக்கில் ருசி மங்கும், புண் ஆற நாளாகும்.

ரிப்போர்ட்டில் மெக்னீசியம் சரியாக இருக்கிறதே என்று சிலர் நிம்மதியடைகிறார்கள். உடம்பின் மெக்னீசியத்தில் ரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் எலும்பிலும் தசையிலும். அங்கே காலியாகியும் ரிப்போர்ட் நன்றாக வரலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. ஆள் சோர்ந்து கிடக்கிறாரே என்று நேராகக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறோம். பட்டினி கிடந்த உடம்பில் குளுக்கோஸ் இறங்கினால் ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட் என்ற உப்பு செல்லுக்குள் ஓடிவிடும். ரத்தத்தில் அது குறைந்தால் மூச்சுத் தசைகூடத் தளரலாம். மிச்சமிருக்கும் தயமினும், அதாவது வைட்டமின் பி1-ம், தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். அதனால்தான் தயமின் ஊசியை முதலில் போடுகிறோம். அந்தத் தயமின் வேலை செய்யவும் மெக்னீசியம் வேண்டும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது: இவை அந்த மூளைப் பாதிப்பின் அறிகுறிகள், இவற்றை 'இன்னும் போதை தெளியவில்லை' என்று வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அம்மா. எத்தனை வருடக் குடி, கடைசியாக எப்போது குடித்தார், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை. இந்த மூன்றையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.