ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பப் போனால் வங்கி கேட்பது ஸ்விஃப்ட் குறியீடு, அதாவது உலக அளவில் ஒரு வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு. வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வருவதோ பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும் ஐஎஃப்எஸ்சி, அதாவது இந்தியாவுக்குள் பணம் அனுப்பப் பயன்படும் கிளைக் குறியீடு. ஸ்டேட் வங்கிக் கணக்காக இருந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். இரண்டுமே எஸ், பி, ஐ, என் என்றுதான் தொடங்கும். ஐஎஃப்எஸ்சிக்கு 11 எழுத்து. ஸ்விஃப்ட்டும் 8 அல்லது 11.

ஐந்தாவது இடத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் அது ஐஎஃப்எஸ்சி. ஸ்விஃப்ட்டில் ஐந்தும் ஆறும் நாட்டைச் சொல்லும்: இந்தியாவுக்கு ஐ, என், இலங்கைக்கு எல், கே. அடுத்த இரண்டும் இடம். கடைசி மூன்று கிளை. அங்கே மூன்று எக்ஸ் இருந்தாலோ, எட்டோடு முடிந்தாலோ தலைமையகம்.

ஊர்க்கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் இல்லையென்று பதற வேண்டாம். சின்னக் கிளைகள் பலவற்றுக்கு இருக்காது. எந்தக் குறியீடு போட வேண்டும் என்று கிளையிலேயே கேட்டு வாங்கி, பெறுபவர் விவரத்தில் கணக்கு எண்ணோடு ஐஎஃப்எஸ்சியையும் எழுதுங்கள். பழைய காகிதத்தை நம்பாதீர்கள். கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020இல் டிபிஎஸ் இந்தியாவோடு இணைந்ததே, அப்படி வங்கிகள் இணையும்போது குறியீடும் மாறும்.

ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் புழங்கும் ஐபேன் என்ற சர்வதேசக் கணக்கு எண்ணுக்குள்ளேயே சரிபார்க்கும் இலக்கங்கள் இரண்டு உண்டு. ஒரு இலக்கம் தப்பினால் கணினியே நிறுத்திவிடும். ஸ்விஃப்ட்டில் அந்தக் காவல் கிடையாது. தப்பாக அடித்த எழுத்து வேறொரு வங்கியின் குறியீடாக அமைந்துவிட்டால் பணம் அங்கேதான் போகும். கணக்கு பொருந்தாமல் திரும்பினாலும் இடைவங்கிக் கட்டணமும் மாற்று விகித இழப்பும் போக மீதிதான் கைக்கு வரும்.

ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வாங்கும் திருப்பூர் முதலாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும். "எங்கள் வங்கி மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்து, புதுக் குறியீட்டில் ஜெர்மனியைக் குறிக்கும் டி, இ இருக்க வேண்டிய இடத்தில் வேறு நாடு இருந்தால் பணத்தை நிறுத்துங்கள். நாடு பொருந்தினாலும் மோசடி இருக்கலாம். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முன்பே பழகிய எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

தப்பாக அனுப்பியே விட்டால், அன்றைக்கே உங்கள் வங்கியில் யுஇடிஆர் என்ற 36 எழுத்துச் சுவட்டு எண்ணை வாங்கி, திரும்பப் பெறும் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பணம் அந்நியர் கணக்கில் வரவாகிவிட்டால், பெரும்பாலும் அவர் சம்மதித்தால்தான் திரும்பும்.