வெங்காயத்துக்கு இயைபு இல்லை

அன்பர்களே,

டாம் டி. ஹால் என்றதும் அமெரிக்காவின் கன்ட்ரி இசை (அந்நாட்டுக் கிராமிய இசை) ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது கதை. கென்டக்கி மாநிலத்து ஆலிவ் ஹில் என்னும் சிற்றூரில் 1936இல் பிறந்த பாடகர், பாடலாசிரியர். ராணுவ வேலையில் ஜெர்மனிக்குப் போனார், வானொலி அறிவிப்பாளராக இருந்தார், 1964இல் வாரம் 50 டாலருக்குப் பாட்டெழுத, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் வந்து சேர்ந்தார். 1968இல் இவர் எழுதி ஜீனி சி. ரைலி பாடிய 'ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.' (பி.டி.ஏ. என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம்) ஒரு முழுச் சிறுகதை. இவருக்குப் பட்டப்பெயரே 'கதைசொல்லி'. அப்படிப்பட்டவர் 1973இல் கதையே இல்லாத ஒரு பாட்டைத் தந்தார்: 'ஐ லவ்'. தனக்குப் பிடித்தவற்றைச் சொல்லிக்கொண்டே போவார். ஏறக்குறைய இரண்டே நிமிடம். 1974 ஜனவரியில் பில்போர்டு இதழின் கன்ட்ரி பாட்டு வரிசைப் பட்டியலில் அது முதலிடம், பொதுப் பட்டியலில் 12ஆம் இடம்.

இதன் வித்து அவருடைய முந்தைய பாட்டு ஒன்றில் இருக்கிறது என்பது என் கணிப்பு. 1972 ஜூலையில் மயாமி பீச்சில் அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தது. அங்கே ஓர் ஓட்டல் மதுக்கூடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த முதியவரோடு ஹால் பேசிக்கொண்டிருந்தார். உலகத்தில் மதிப்புள்ளவை மூன்று என்றார் பெரியவர்: வயதான நாய், குழந்தைகள், தர்பூசணி ஒயின். அது பாட்டாயிற்று. அந்தப் பாட்டில் பெரியவர் உண்டு, ஓட்டல் உண்டு, உரையாடல் உண்டு. 'ஐ லவ்' பாட்டில் இவை எதுவும் இல்லை, பட்டியல் மட்டும் நிற்கிறது. மூன்று, இருபத்து நான்காகிவிட்டது.

எண்ணிப் பாருங்கள். மூன்று கண்ணிகள், கண்ணிக்கு இரண்டு கொத்து, கொத்துக்கு நான்கு பொருள். முதல் கொத்தில் வாத்துக்குஞ்சும் பழைய பிக்கப் வண்டியும் ஒன்றுக்கொன்று இயைபு, அதாவது கடைசி ஒலி ஒத்து வருகிறது: டக்ஸ், டிரக்ஸ். அடுத்து மெதுவாகப் போகும் ரயில், அதற்கு இயைபாக மழை: டிரெயின்ஸ், ரெயின். முதல் மூன்றுக்கும் ஓர் அடைமொழியோ இடமோ காலமோ உண்டு. நான்காவது வெறும் ஒற்றைச் சொல். மழை என்றால் மழைதான், எப்படிப்பட்ட மழை என்ற விளக்கம் கிடையாது. வைக்கோல், அணில், புல் எல்லாம் இப்படியே வந்து விழுகின்றன. மூன்று அடி நடந்து நாலாவதில் உட்காருவது போன்ற ஓட்டம் அது.

காது இதற்குப் பழகிய பிறகு மூன்றாம் கண்ணியில் அவர் இயைபை உடைக்கிறார். கொடியில் தொங்கும் தக்காளி, அதை அடுத்து வெங்காயம். வைன், ஆனியன்ஸ்: ஒட்டவே இல்லை. வேறு சொல் கிடைக்காமல் விட்டதல்ல இது. எதுகை மோனைக்காக எதையோ செருகுகிறார் என்ற ஐயம் இந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடுகிறது. வெங்காயம் பிடிக்கும், அதனால் சொல்கிறார். கடைசிக் கொத்திலும் அப்படித்தான். வென்றவரின் அழுகை, தோற்றவரின் முயற்சி, நல்ல இசை, பிறகு 'வாழ்க்கை'. அந்தப் பெரிய சொல் இருபத்து நான்காவதாகத்தான் வருகிறது, அதுவும் இயைபில்லாமல்.

ஒவ்வொரு கண்ணி முடிவிலும் 'உன்னையும்' நேசிக்கிறேன் என்கிறார். நம் இலக்கணப்படி இது இறந்தது தழுவிய எச்சவும்மை. முன்னால் சொன்னதைத் தழுவி நிற்கும் உம்மை என்பதால் பட்டியலுக்குப் பின்னால்தான் வர முடியும். காதலியை நிலவோடு ஒப்பிடாமல் வாத்துக்குஞ்சோடும் வெங்காயத்தோடும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது அந்த ஓர் 'உம்'. மற்றவை அவ்வளவு உண்மை என்றால் இதுவும் அவ்வளவு உண்மை.

இப்படி எழுத முயல்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் சொல் தேர்வில். அன்பு, அமைதி, இயற்கை என்று பொதுச்சொல்லை முதலிலேயே போட்டுவிட்டால் ஏறிப்போக இடமிருக்காது. ஹால் ஞாயிறு வேதப்பள்ளி என்று நிறுத்தாமல் மே மாதத்து வேதப்பள்ளி என்கிறார்; தக்காளி சமையற்கட்டில் இல்லை, கொடியில் இருக்கிறது; காப்பி கோப்பையில், போர்பன் விஸ்கி கண்ணாடிக் குவளையில். கையெட்டும் இடத்தில் பொருள் இருக்க வேண்டும். இன்னொரு சறுக்கல், எல்லாவற்றையும் அழகானதாகவே பொறுக்குவது. பூ, நிலா, மழலை என்று அடுக்கினால் நாலாவது வரியில் திகட்டும். பழைய வண்டியும் மதுவும் நடுவில் வந்தால்தான் வேதப்பள்ளி நம்பும்படி இருக்கும்.

மேடையில் இதைப் பாடுபவர்கள் வெங்காயம் வரும் இடத்தில் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஹால் அந்தச் சொல்லை, மழையைச் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறார்.