பெயருக்குக் கீழே ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம்.

அரசாங்கம் ஒரு குழு அமைத்திருக்கிறது என்று செய்தி வந்தால் பெரும்பாலும் நாம் தலைவர் யார் என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். எனக்கு வேறொரு பழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், பாருங்கள். பேராசிரியர், இணைச் செயலர், சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற இயக்குநர் என்று. அந்த வரியைத்தான் முதலில் படிப்பேன். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது நுகர்வோர் அமைப்பு ஒன்றில் கொஞ்சம் வேலை பார்க்கிறேன். அதனால் வந்த பழக்கம்.

இதைப் பேச வானொலியில் கூப்பிடுவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் நீங்கள் காலையில் காய்ச்சுகிற பால், கடையில் வாங்குகிற தேன்குழல், தலைவலிக்குப் போடுகிற மாத்திரை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அந்த விதிக்குப் பின்னால் ஒரு மேசை. அந்த மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரிய வேண்டாமா?

உணவையே எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டில் பேசும்போது உணவை விட்டுவிட்டு வேறெதை எடுப்பது? 2006-ல் வந்த உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் ஒரு ஆணையத்தை ஏற்படுத்தியது. தலைவரைத் தவிர 22 உறுப்பினர்கள். யார் யார் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அமைச்சகங்களிலிருந்து இணைச் செயலர் நிலைக்குக் குறையாத 7 அதிகாரிகள், மாநிலங்களிலிருந்து முறை வைத்து 5 பேர், உணவு விஞ்ஞானிகள் 3 பேர், உணவுத் தொழிலிலிருந்து 2 பேர், நுகர்வோர் அமைப்புகளிலிருந்து 2, விவசாயிகள் அமைப்புகளிலிருந்து 2, சில்லறை வியாபாரிகளிலிருந்து ஒருவர். இதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். தொழிலுக்கான இரண்டு இடத்தில் ஒன்று சிறுதொழிலுக்கு. அந்த ஒரு நாற்காலியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இது ஆணையம். இதற்குத் துணையாக மத்திய ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. ஆண்டுக்கு மூன்று முறைக்குக் குறையாமல் கூட வேண்டும் என்பது சட்டம். தொழில், விவசாயம், நுகர்வோர், ஆய்வு நிலையங்கள், உணவு ஆய்வகங்கள், இந்தத் தரப்புகளுக்கு இரண்டிரண்டு பேர். எப்படிக் கூட்டினாலும் பத்துப் பேரைத் தாண்டாது. அவர்களோடு எல்லா மாநில, யூனியன் பிரதேச உணவுப் பாதுகாப்பு ஆணையர்களும் உறுப்பினர்கள். 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் ஒரு பக்கம், முப்பத்தாறு அதிகாரிகள் ஒரு பக்கம். அதிகாரிகள் கூடாது என்று சொல்ல வரவில்லை. விதியை நடைமுறைப்படுத்தப் போகிறவர் அவர்தான், அவர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக வைத்த கூட்டத்தில், கேட்கிறவர்கள் முப்பத்தாறு, சொல்கிறவர்கள் பத்து என்றால் பேச்சு எந்தப் பக்கம் சாயும்?

இன்னொரு வேற்றுமையும் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. ஆலோசனைக் குழுவில் உட்காருகிறவர் தன் தரப்புக்காகப் பேசலாம். பேசத்தான் வந்திருக்கிறார். ஆனால் அறிவியல் குழுக்கள் என்று தனியாக இருக்கின்றன. இந்தச் சாயம் எவ்வளவு சேர்க்கலாம், இந்தப் பூச்சிமருந்து எவ்வளவு மிஞ்சலாம் என்று ஆராய்ந்து சொல்கிற இடம். அங்கே இருக்க வேண்டியவர்கள் சார்பில்லாத அறிவியல் வல்லுநர்கள் என்கிறது சட்டம். நடந்தது என்ன? தொடக்க காலத்தில் அந்தக் குழுக்களில் பெரிய உணவு நிறுவனங்களின் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத்தில் சொன்னபடி சார்பில்லாதவர்களை வைத்துக் குழுக்களைத் திருத்தி அமையுங்கள் என்று 2011-ல் நீதிமன்றம் சொன்னது. அந்த நிறுவன ஆட்கள் படிக்காதவர்களா? நன்றாகப் படித்தவர்கள்தான். பெயருக்குப் பின்னால் முனைவர் பட்டம் இருக்கும். சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நடுவில் ரேடியோவைத் திருப்பியவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். குழுவில் இரண்டு வகை நாற்காலி. ஒன்று, என் தரப்பு இது என்று சொல்கிறவருக்கு. மற்றொன்று, தரப்பில்லாமல் உள்ளதைச் சொல்கிறவருக்கு. முதல் நாற்காலிக்காரரை இரண்டாவதில் உட்கார வைத்தால் தவறு. உறுப்பினர்கள் தங்களுக்கு எதில் நலன் இருக்கிறது என்று ஆண்டுதோறும் தருகிற அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் இதே சட்டத்தில் இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவதாகவும் ஒரு நாற்காலி வேண்டும் என்பது என் கட்சி. செய்கிறவரின் நாற்காலி. இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

2020 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, கடையில் தட்டில் அடுக்கி உதிரியாக விற்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. நுகர்வோர் அமைப்புக்காரன் என்ற முறையில் நான் கைதட்டினேன். அதற்குப் பிறகு காரைக்குடியில் பலகாரம் போடுகிறவர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம். ஒரு சின்ன மண்டபம். பெரும்பாலும் வீட்டிலேயே அடுப்பு வைத்துச் சுடுகிற பெண்கள். பேச வந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி இளைஞர், படித்தது கால்நடை மருத்துவம். சிரிக்காதீர்கள், அந்தப் பதவிக்கு உரிய படிப்புகளின் பட்டியலில் கால்நடை மருத்துவமும் உண்டு. உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், முதுகலை வேதியியல் எல்லாம் உண்டு. என் பாடமும் இருக்கிறதே என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை.

அந்தத் தம்பி பொறுமையாக விளக்கினார். பால் இனிப்புகளுக்கு ஒரு வழிகாட்டிக் குறிப்பு இருக்கிறது என்று ரசகுல்லா, கலாகண்ட் என்று வாசித்தார். முன்வரிசையில் ஒரு ஆச்சி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாசித்து முடிக்கிறவரை கேட்டுவிட்டு எழுந்தார்.

"தம்பி, நம்ம அதிரசத்துக்கு என்ன தேதி போடச் சொல்றீக?"

அந்தக் குறிப்பில் அதிரசம் இல்லை. பால் இனிப்புக்கான குறிப்பு, அதில் இருக்க நியாயமும் இல்லை. "நீங்களே உங்க அனுபவத்தை வச்சுப் போடலாம் ஆச்சி" என்றார்.

"அதான் கேக்குறேன். எந்த அதிரசத்துக்கு? ஐப்பசி அடைமழையில அரிசி காயாம இடிச்ச மாவா, பங்குனி வெயில்ல இடிச்ச மாவா? பாகு தண்ணியில விட்டா உருட்ட வந்துச்சா, இல்ல அவசரத்துல முன்னாடியே எறக்கிட்டாளா? சுட்டு எடுத்து ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சு எண்ணெய அமுக்கினாளா, சும்மா வடிய விட்டாளா? ஆறின பெறகு டின்னுல போட்டாளா, சூடாப் போட்டு மூடினாளா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேதி இருக்குல்ல?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை, பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அங்கேதான் எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. ஏனென்றால் அந்த ஆச்சி சொன்னதெல்லாம் நான் வகுப்பில் நடத்திய பாடம். ஒரு பண்டத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, பூஞ்சைக்குக் கிடைக்கிற மாதிரி எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் முக்கியம். பாகு பதமாக இருந்தால் சர்க்கரை அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடாக மூடினால் டின்னுக்குள் ஆவி வேர்த்து மேலே விழும், அங்கே பூசணம் பிடிக்கும். வெல்லம் மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பரிசோதனைக்கு அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் எந்த நிலையில் எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஆய்வகத்துக்குச் சொல்ல அந்த ஆச்சி வேண்டும்.

அப்படியானால் ஆச்சிகளை மட்டும் வைத்து விதி எழுதிவிடலாமா? கூடாது. கடலை எண்ணெய்க்கு ஆட்டுகிற நிலக்கடலையில் பூஞ்சை விட்டுப்போகிற அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் தெரியாது. அதற்குக் கருவி வேண்டும், கருவியைக் கையாளத் தெரிந்தவர் வேண்டும். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைக் கொண்டுவந்த ஊர் நம்முடையது. ஆய்வகத்தின் அருமையைக் காரைக்குடிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் இலைக்குப் பட்டியல் போட உட்காரும்போது சமையல்காரரையும் கூப்பிடுகிறோம், கணக்குப் பார்க்கிறவரையும் கூப்பிடுகிறோம் இல்லையா, அதைத்தான் கேட்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் அந்த அதிகாரி ஆச்சியிடம் வந்தார். மாவட்ட அளவில் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது, நீங்கள் வந்து இதையே சொல்ல வேண்டும் என்றார். ஆச்சி கேட்டார்:

"நான் அங்கிட்டு வந்துட்டா, அடுப்ப யாரு பாக்குறது தம்பி?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

ஆனால் குழுக்களின் பட்டியலில் ஏன் சில தொழில்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். கூட்டத்துக்குப் போவதுதான் அவர்களுக்கு வேலை. போன நாளுக்கும் சம்பளம் உண்டு. பேராசிரியருக்கு அது பணிக்காலம், அதிகாரிக்குக் கடமை. பலகாரம் சுடுகிறவருக்கோ அன்றைக்குச் சட்டியில் எண்ணெய் காயாது. தீபாவளிக்கு முன்பு என்றால் கேட்கவே வேண்டாம். சிறுதொழிலுக்கு ஒரு நாற்காலி என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அந்த நாற்காலியைச் சட்டம் போட்டுவிட்டது. உட்காருகிறவருக்கு ஒரு நாள் கூலியை யார் போடுவது? டெல்லிக்கு வரச் சொல்வதற்குப் பதிலாகக் குழு காரைக்குடிக்கு வரட்டும். பலகாரக்காரர்களின் கூட்டத்தை அடுப்பு அணைந்த பிறகு, மாலை ஏழு மணிக்கு வைக்கட்டும். இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை, வரும்.

மருந்து பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கடிகாரம் வேறு மாதிரி சொல்கிறது. சுருக்கிச் சொல்கிறேன். கர்னல் ராம் நாத் சோப்ரா என்ற மருந்தியல் பேராசிரியர் தலைமையில் 1930-31-ல் ஒரு விசாரணைக் குழு இருந்தது. பிறகு 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் சொல்கிற தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தில் ஆய்வக இயக்குநர்கள், மருத்துவம் சொல்லித்தருகிறவர், மருந்தாக்கம் சொல்லித்தருகிறவர், மருந்தியல் வல்லுநர், அரசுப் பகுப்பாய்வாளர்கள், மருந்துத் தொழிலிலிருந்து ஒருவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். மாத்திரையை விழுங்குகிறவருக்கு ஒரு நாற்காலி இல்லை. உணவுச் சட்டத்தில் நுகர்வோருக்கு இரண்டு இடம் என்று சொன்னேன், இங்கே ஒன்றுகூட இல்லை.

சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்குத் தனி வாரியம். அதில் குணபாடம், அதாவது சித்த மருந்துச் சரக்குகளின் குணத்தைப் பற்றிய பாடம், சொல்லித்தருகிற ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். தாவர வேதியியல் தெரிந்த ஒருவர் வேண்டும். சித்த மருத்துவம் பார்க்கிற வைத்தியர் ஒருவரும், சித்த மருந்து தயாரிப்பவர் ஒருவரும் தனித்தனியாக வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக நாற்காலி போட்டவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். பச்சிலை பறித்து வருகிறவர் அதிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

மின்சாரம் மிச்சம் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு ஆலோசனைக் குழு உண்டு. 21 பேருக்கு மேல் போகக்கூடாது. வணிகம், தொழில், போக்குவரத்து, விவசாயம், தொழிலாளர், நுகர்வோர், தொண்டு நிறுவனங்கள், கல்வி நிலையங்கள், எல்லாத் தரப்பும் அதில் வர வேண்டும். உங்கள் வீட்டு மின்கட்டணத்தோடு தொடர்புள்ள குழு இது. நம் மாநிலக் குழுவின் பட்டியலைத் தேடி எடுங்கள். பெயருக்குக் கீழே இருக்கிற வரியைப் படியுங்கள். விவசாயி என்று போட்டிருந்தால் எந்த ஊர், கிணறா, கண்மாயா என்று விசாரியுங்கள்.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். வாய்ப்புக் கொடுத்தவர்களுக்கு நன்றி. வணக்கம்.