சர்வீஸ் கணக்குப் பார்த்தா சிலை வைப்பது?

நடுவர் அவர்களே, பேசி முடித்து உட்கார்ந்த பிறகும் கால்குலேட்டரைக் கீழே வைக்காத எதிரணி அண்ணன்களே, அக்காவே, பொங்கல் சாப்பாடு சாப்பிட்ட மயக்கத்திலும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

லேட்டாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கேன்டனில் இருக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்குச் சிலை வைக்கும் மண்டபத்தில், இடம் பெறத் தகுந்தவர் யார், நெடுநாள் நின்று ஆடியவரா, கொஞ்ச நாளே ஆடினாலும் உச்சத்தில் ஆடியவரா? நான் உச்சத்தின் பக்கம். கிளீவ்லேண்டில் இருந்து தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் கேன்டன். தியாகராஜ ஆராதனைக்குச் சென்னையில் இருந்து விமானம் ஏறி கிளீவ்லேண்டுக்கு வருகிறார்கள், இங்கேயே குடியிருக்கும் நம்மில் பாதிப் பேர் கேன்டனை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. (கை தூக்க வேண்டாம், தெரியும்.)

நான் போனேன். ஊரில் இருந்து வந்திருந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா அரசு அலுவலகத்தில் 34 வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வரிசை வரிசையாக வெண்கலத் தலைகள். அப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒரே கேள்விதான் கேட்டார், "இவருக்கு எத்தனை வருஷம் சர்வீஸ்?" கேல் சேயர்ஸ் சிலை வந்தது. ஏழு சீசன், மொத்தமே 68 ஆட்டம் என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னடா இது, ப்ரொபேஷன் முடியறதுக்குள்ள சிலை வச்சுட்டாங்களா?"

நடுவர் அவர்களே, எதிரணி இதுவரை அரை மணி நேரம் பேசியது என் அப்பா கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். அப்பாவுக்குச் சொன்ன பதிலையே இவர்களுக்கும் சொல்கிறேன்.

1965 டிசம்பர் 12, சிகாகோ. ரிக்லி ஃபீல்டில் மழை பெய்து தரையெல்லாம் சேறு. நாற்று நடலாம், அப்படி. அந்தச் சேற்றில் சான்ஃபிரான்சிஸ்கோ அணிக்காரர்கள் வழுக்கி விழுந்துகொண்டிருக்க, முதல் வருடம் ஆடவந்த இந்த சேயர்ஸ் பையன் மட்டும் காய்ந்த ரோட்டில் ஓடுகிற மாதிரி ஓடி ஒரே ஆட்டத்தில் 6 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது) போட்டான். பந்தைப் பிடித்து 80 யார்டு ஓடியது ஒன்று, எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைத் திருப்பிக்கொண்டு 85 யார்டு ஓடியது ஒன்று. அந்த சீசனில் மொத்தம் 14 ஆட்டம், அதில் 22 டச் டவுன். 1968இல் வலது முழங்கால் போனது. திரும்பி வந்து 1969இல் லீக்கிலேயே அதிக யார்டு ஓடினான். அப்புறம் இடது முழங்கால் போனது, கதை முடிந்தது. 1977இல் 34 வயதில் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார், அதைவிடக் குறைந்த வயதில் யாரும் உள்ளே போனதில்லை. இவ்வளவையும் கேட்ட அப்பா அந்தச் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அதற்குப் பிறகு சர்வீஸ் கேள்வி வரவில்லை. காபி எங்கே கிடைக்கும் என்ற கேள்விதான் வந்தது.

சரி, எதிரணிக்கு வருகிறேன். அண்ணன் அசைக்க முடியாத ஆதாரம் என்று ஃப்ராங்க் கோரைக் கொண்டுவந்து நிறுத்தினார். 16 சீசன், 241 ஆட்டம், பந்தோடு ஓடியது சரியாக 16,000 யார்டு, ஒரு யார்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சில்லறை பாக்கி இல்லாமல் கணக்கை முடித்த மனிதர். மொத்தம் ஓடிய யார்டுக் கணக்கில் எம்மிட் ஸ்மித்துக்கும் வால்டர் பேட்டனுக்கும் அடுத்து மூன்றாவது இடம். 2020 சீசனோடு ஆட்டத்தை முடித்தார், ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதிப்படி 2026க்குத்தான் அவர் பெயர் முதன்முறையாகத் தகுதிக்கு வந்தது. கல்லூரியிலேயே இரண்டு முழங்காலிலும் தசைநார் அறுந்தவர் இத்தனை நாள் ஓடினார் என்பதை நினைத்தால் எனக்கும் மெய்சிலிர்க்கும், அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அண்ணன் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்த 16 சீசனில் ஒரு சீசனில்கூட கோர் லீக்கில் முதலிடம் வந்ததில்லை. அவருடைய ஆகச் சிறந்த வருடம் 2006, 1,695 யார்டு, அப்போதும் அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். வகுப்பில் ஒருநாளும் லீவு போடாத பையனுக்கு நாமும் பரிசு கொடுப்போம், நூறு சதவீத வருகை என்று சான்றிதழ் கொடுப்போம். மாநில முதலிடம் என்று போஸ்டர் அடிப்போமா?

முப்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவருக்குப் பிரிவு உபசார விழா உண்டு, சால்வை உண்டு, சுவர்க் கடிகாரம் உண்டு, பென்ஷன் உண்டு. வேண்டாம் என்று யார் சொன்னது? கேன்டனில் கொடுக்கும் தங்க நிற ஜாக்கெட்டை அந்தச் சால்வையாக்கிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, மொத்தக் கணக்கை வைத்து ஆளை அளப்பதே ஓட்டைப் படியில் அரிசி அளப்பது மாதிரி. 1960 வரைக்கும் சீசனுக்கு 12 ஆட்டம், அப்புறம் 14, 1978இல் 16, 2021இல் 17. போகப் போக ஆட்டம் கூடினால் யார்டும் கூடத்தானே செய்யும்? நம்ம கிளீவ்லேண்ட் ஜிம் பிரவுனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியது 9 சீசன், அதில் 8 சீசன் லீக்கில் முதலிடம். 12,312 யார்டு. கோரைவிட 3,688 குறைவு. எதிரணிக் கணக்குப்படி ஜிம் பிரவுன் கோருக்குக் கீழே போய் நிற்க வேண்டும். இதை இந்த மண்டபத்துக்கு வெளியே, கார் பார்க்கிங்கில் நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள் அண்ணே, இந்த ஊர்க்காரர்கள் உங்களை வீட்டுக்கு விடுகிறார்களா என்று பார்ப்போம். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 104 யார்டு ஓடினார். மொத்த ஆட்டக் காலத்துக்கும் சேர்த்து நூறைத் தாண்டிய சராசரி வேறு எந்த ரன்னிங் பேக்குக்கும் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) இல்லை. உச்சத்தில் இருக்கும்போதே, முப்பது வயதில், போதும் என்று எழுந்து போய்விட்டார். பேரி சாண்டர்சும் அப்படித்தான், பேட்டனின் சாதனையைத் தொட 1,457 யார்டுதான் பாக்கி, இன்னும் ஒரு சீசன் ஆடினால் போதும், 1999இல் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு சீசன் ஆடியிருந்தால் அவர் இன்னும் பெரிய ஆட்டக்காரர் ஆகியிருப்பாரா? அதே பேரி சாண்டர்ஸ்தான்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. ஆட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி எதிரணிப் பயிற்சியாளர் யாரை நினைத்துத் தூக்கம் வராமல் புரண்டார்? இதுதான் என் அளவுகோல். ஒரு ஆட்டம் சொல்கிறேன்.

1998 ஜனவரி, சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம், டென்வருக்கும் கிரீன் பேவுக்கும். டென்வரின் ரன்னிங் பேக் டெரெல் டேவிஸ். புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது ஆறாவது சுற்றில், 196ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், அதாவது கல்யாணப் பந்தியில் கடைசி இலை. முதல் கால் பகுதி முடியும்போது ஒற்றைத் தலைவலி வந்து கண் தெரியவில்லை. டென்வர் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் நிற்கிறது. பயிற்சியாளர் மைக் ஷானஹன் என்ன செய்தார் தெரியுமா? பந்து உன்னிடம் வராது, சும்மா போய் நில், நீ உள்ளே இல்லாவிட்டால் அவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று கண் தெரியாத அந்த மனிதரை உள்ளே அனுப்பினார். டேவிஸிடம் பந்தைக் கொடுப்பது மாதிரி பாவனை செய்தார்கள், கிரீன் பே தடுப்பு மொத்தமும் அவர் மேல் பாய்ந்தது, ஜான் எல்வே பந்தோடு ஓரமாக நடந்துபோய் டச் டவுன் போட்டார்.

கையில் பந்து இல்லை, கண்ணில் பார்வை இல்லை, ஆனாலும் பயந்தார்கள். இதை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? கோரின் 16,000இல் இதற்கு எத்தனை யார்டு கழிப்பீர்கள்? அப்புறம் மருந்து வேலை செய்து கண் தெரிந்ததும் திரும்பி வந்து, மொத்தம் 157 யார்டு, 3 டச் டவுன், ஆட்ட நாயகன், டென்வருக்கு முதல் சூப்பர் பௌல். அடுத்த சீசனில் 2,008 யார்டு. அதற்கடுத்த வருடம் முழங்கால் போனது. மொத்தம் 78 ஆட்டம். ப்ளே ஆஃப் என்ற நாக்அவுட் ஆட்டங்களில் மட்டும் 8 ஆட்டத்தில் 1,140 யார்டு. இப்பேர்ப்பட்டவரை 2007இல் இருந்து பத்து வருடம் வாசலிலேயே நிற்க வைத்து 2017இல்தான் உள்ளே விட்டார்கள். ஏன்? சர்வீஸ் பத்தாதாம்!

கதை இங்கே முடியவில்லை. அன்று டென்வரில் ஆடிய ஷானன் ஷார்ப்புக்கு ஒரு அண்ணன், ஸ்டெர்லிங் ஷார்ப். அவர் ஆடியது எந்த அணிக்கு? தோற்றுப்போன அதே கிரீன் பேவுக்கு. நெடுநாள் கட்சிக்காரர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள், இது உங்களுக்குத்தான். ஸ்டெர்லிங் 1988 முதல் 1994 வரை 7 சீசன் ஆடினார், சீசனுக்கு 16 ஆட்டம், 112 ஆட்டம். ஏழு வருடத்தில் ஒரு ஆட்டம் விட்டதில்லை. 1992இல் அதிக கேட்ச், அதிக யார்டு, அதிக டச் டவுன் மூன்றிலும் லீக்கில் முதலிடம். கடைசி சீசனில் 18 டச் டவுன், கடைசி ஆட்டத்தில் 3. கழுத்தெலும்பில் கோளாறு என்று மருத்துவர்கள் நிறுத்தினார்கள், இல்லாவிட்டால் அவர் நின்றிருக்க மாட்டார். அவர் போன இரண்டாவது சீசனில் கிரீன் பே சூப்பர் பௌல் ஜெயித்தது, ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும் மோதிரம் கையில் இல்லாமல் அவர் வெளியே இருந்தார். அதற்கடுத்த வருடம்தான் நான் சொன்ன தலைவலி ஆட்டம். அண்ணனின் பழைய அணியைத் தோற்கடித்து வாங்கிய அந்த மோதிரத்தை, தன் முதல் மோதிரத்தை, ஷானன் அண்ணனிடமே கொடுத்துவிட்டார். 2011இல் ஹால் ஆஃப் ஃபேமில் ஏற்புரை பேசும்போதும், என் குடும்பத்தில் நான் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரன்தான் என்கிற அர்த்தத்தில் பேசினார்.

தம்பிக்குத் தெரிந்தது தேர்வுக் குழுவுக்குத் தெரிய 2025 ஆனது. ஆடி முடித்து முப்பது வருடம்! தேர்வுக் குழுவில் ஏறக்குறைய ஐம்பது பேர், பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள், அதில் 80 சதவீதம் பேர் சரி என்று சொல்ல வேண்டும், பத்துப் பன்னிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கதவு சாத்திக்கொள்ளும். 2025இல் மொத்தமே நான்கு பேர்தான் உள்ளே போனார்கள். (அந்த வருடம் ஷார்ப்போடு ஒரே பட்டியலில் நின்று வெளியே போனவர் ரால்ஃப் ஹே. 1920இல் இந்த லீக்கே கேன்டனில் அவருடைய கார் ஷோரூமில்தான் பிறந்தது. வீட்டுக்காரரையே திண்ணையில் உட்கார வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனிப் பட்டிமன்றம் போடலாம்.)

எதிரணித் தம்பி ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார். உச்சம்தான் முக்கியம் என்றால் போ ஜாக்சனையும் உள்ளே விடுவீர்களா, 38 ஆட்டம்தானே ஆடினார் என்றார். அவர் ஓட்டத்தை வீடியோவில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன் தம்பி. பேஸ்பால் சீசன் முடிந்து பாதியில் வந்து சேர்வார், நான்கு சீசனிலும் ஒரு தடவைகூட 1,000 யார்டைத் தொடவில்லை, இடுப்பு போனதும் முடிந்தது. மின்னல் வேறு, உச்சி வெயில் வேறு. சேயர்ஸ், டேவிஸ், ஷார்ப் எல்லோரும் நாலைந்து வருடம் தொடர்ந்து, ஊரே பார்க்க, எல்லோருக்கும் மேலே நின்றவர்கள். நான் கேட்பது அந்த நாலைந்து வருடம். அதற்கு மேல் பத்து வருடம் ஆடினால் சந்தோஷம், ஆடாவிட்டால் கேட்காதீர்கள். முழங்காலும் கழுத்தும் அவர்கள் சோம்பேறித்தனத்தால் போகவில்லை, நூறு கிலோ ஆள் ஓடிவந்து மோதுகிற ஆட்டம் இது, யாருக்கு எப்போது எது போகும் என்று மோதுகிறவனுக்கே தெரியாது.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் என்னைப் பார்க்கும் பார்வையும் சரியில்லை. அடுத்து பேச வரும் எதிரணி அண்ணனுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நான் சேயர்ஸுக்கு ஒரு தேதி சொன்னேன், டேவிஸுக்கு ஒரு ஆட்டம் சொன்னேன். மைக்கைப் பிடித்ததும், கால்குலேட்டரைத் தொடாமல், ஃப்ராங்க் கோர் ஆடிய 241 ஆட்டத்தில் ஒரே ஒரு ஆட்டத்தின் தேதியைச் சொல்லிவிட்டு அப்புறம் பேச்சை ஆரம்பியுங்கள் அண்ணே. நன்றி, வணக்கம்.