டெரேச்சோ: நேராக அடிக்கும் காற்றுக்கு ஒரு ஸ்பானியப் பெயர்

[திரையில்: மேலிருந்து தெரியும் மக்காச்சோள வயல்]

தட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடப்பதைப் பாருங்கள். டொர்னாடோ என்ற சுழல்காற்று போன தடம் இப்படி இருக்காது. அங்கே மரமும் பயிரும் திசைக்கொன்றாக முறுக்கிக் கிடக்கும். இங்கே அடித்த காற்று சுழலவில்லை, நேராக வந்தது. அதன் பெயர் டெரேச்சோ.

ஸ்பானிய மொழியில் இந்தச் சொல்லுக்கு 'நேராக' என்று பொருள்; உரிமை, சட்டம் என்ற பொருள்களும் உண்டு. மெக்சிகோவில் வழி கேட்டு 'டெரேச்சோ' என்று பதில் வந்தால் நேரே போக வேண்டும். 'டெரேச்சா' என்றால் வலப்பக்கம். கடைசி எழுத்தைத் தவறாகக் கேட்டால் தெருவே மாறிவிடும். லத்தீன் 'டிரெக்டுஸ்'தான் மூலம். ஆங்கில 'டைரக்ட்' இதற்கு உடன்பிறப்பு. உச்சரிக்கும்போது அழுத்தம் 'ரே'யில் விழ வேண்டும். ஸ்பானியர் முதல் எழுத்தை நம் 'பந்து'வில் வரும் 'து' போல, நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்வார்கள்.

வானிலைக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பேராசிரியர் குஸ்தாவுஸ் ஹின்ரிக்ஸ். 1877 ஜூலை 31 அன்று அயோவாவைக் கடந்த புயலை ஆராய்ந்து, 1888இல் இந்தப் பெயரை அச்சில் வைத்தார். டொர்னாடோவும் ஸ்பானியச் சாயல் கொண்ட சொல்தான். 'திரும்புதல்' என்ற பொருள் அதில் கலந்திருக்கிறது. சுழல்வதற்கு அது, நேராகப் பாய்வதற்கு இது. எவ்வளவு பொருத்தமான ஜோடி! ஆனாலும் 'டெரேச்சோ' என்ற சொல் வழக்கொழிந்து போனது. 1987இல் ஜான்ஸ், ஹர்ட் என்ற இரு வானிலையாளர்கள் அதை மீட்டெடுத்து அளவுகோலும் வைத்தார்கள்: சேதத் தடம் குறைந்தது 400 கி.மீ. நீள வேண்டும், காற்று மணிக்கு 93 கி.மீ.க்கு மேல் வீச வேண்டும், ஒன்றுக்கொன்று 64 கி.மீ.யாவது தள்ளியுள்ள மூன்று இடங்களில் 120 கி.மீ.யையாவது தொட வேண்டும். ஓர் ஊரில் மட்டும் கூரை பறந்தால் அது டெரேச்சோ ஆகாது.

[திரையில்: ரேடாரில் வில் போல் வளைந்த மேகக் கோடு]

இவ்வளவு தூரம் எப்படி ஓடுகிறது? மழைத்துளி வறண்ட காற்றில் ஆவியாகும்போது அந்தக் காற்று குளிர்ந்து கனத்துக் கீழே விழுகிறது. தரையில் மோதி முன்னோக்கிப் பரவி, எதிரே நிற்கும் வெப்பமான, ஈரமான காற்றை மேலே தள்ளுகிறது. அங்கே புது இடிமேகம் எழுகிறது, அதிலிருந்தும் குளிர்காற்று விழுகிறது. முன்னால் ஈரக்காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும்வரை இந்தச் சங்கிலி அறுவதில்லை. பின்புறமிருந்து நுழையும் காற்று நடுப்பகுதியை முன்னே தள்ளுவதால்தான் மேகக் கோடு வில்லாக வளைகிறது.

2020 ஆகஸ்ட் 10 அன்று ஒரு டெரேச்சோ 14 மணி நேரத்தில் ஏறத்தாழ 1,240 கி.மீ. கடந்தது. ஹின்ரிக்ஸ் பணியாற்றிய அயோவா சிட்டிக்குப் பக்கத்து நகரமான சீடார் ராபிட்ஸில் காற்று மணிக்கு சுமார் 225 கி.மீ. வேகத்தை எட்டியதாக மதிப்பிட்டார்கள். அது பல டொர்னாடோக்களை மிஞ்சும் வேகம். அதனால் 'இடிமழை எச்சரிக்கைதானே' என்று வெளியே நிற்காதீர்கள். இதற்கும் ஒதுங்க வேண்டிய இடம் நிலவறைதான்; அது இல்லாவிட்டால், தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத உள் அறை.